பாட்டுக்கு முன்னால் ரெண்டு நிமிஷம்

ஹிட்டே கொடுக்காத பாண்டுக்கு கிரேட்டஸ்ட் ஹிட்ஸ் ஆல்பம் எதற்கு என்று என் கணவர் கேட்டார். நியாயமான கேள்விதான். ஆனாலும் எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. பதினெட்டு வருஷம் பேஸ் கிட்டாரைத் தோளில் மாட்டிக்கொண்டு, தாராவியிலிருந்து அம்பர்நாத் வரைக்கும் லேடீஸ் கம்பார்ட்மென்டில் போகிறவள் வருகிறவளிடமெல்லாம் திட்டு வாங்கிக்கொண்டு போய் வாசித்தவள் நான். எங்களுக்கும் ஹிட் இருக்கிறது. சினிமாக்காரர்களுக்குத் தெரியாது, அவ்வளவுதான். மும்பையில் தமிழ்க் கிறிஸ்தவர்களின் எந்த வாலிபர் கூட்டத்துக்கு வேண்டுமானாலும் போய்ப் பாருங்கள், எங்கள் பாட்டு ஒன்றாவது பாடாமல் விட மாட்டார்கள். தூத்துக்குடிப் பக்கம் கன்வென்ஷன் பந்தலில்கூடப் பாடுகிறார்களாம். யார் எழுதியது என்று அங்கே யாருக்கும் தெரியாது.

பாண்டில் நாங்கள் ஐந்து பேர். என் அண்ணன் லீட் கிட்டார். நான் பேஸ், சில பாட்டுகளுக்குக் குரலும் என்னுடையது. மற்ற மூன்று பேரும் எங்கள் சபையில் ஞாயிறு பள்ளியில் கூடப் படித்தவர்கள். ஆரம்பத்தில் ராக் என்றாலே சபை மூப்பர்களுக்குப் பிசாசு பிடித்த சத்தம். முதல் கிறிஸ்துமஸுக்கு அண்ணன் சத்தத்தைக் கரகரப்பாக்கும் டிஸ்டார்ஷன் பெடலை மிதித்ததும் ஒரு மூப்பர் விறுவிறு என்று எழுந்து போய் மெயின் சுவிட்சையே அணைத்துவிட்டார். கிட்டார், கீபோர்டு, மைக் எல்லாம் செத்துப்போய்விட்டன. டிரம்ஸுக்குக் கரன்ட் எதற்கு? டிரம்மர் அவன் பாட்டுக்கு இருட்டில் அடித்துக்கொண்டே இருந்தான். ஜனங்கள் கை தட்டினார்கள். அதற்கப்புறம் எங்களை நிறுத்த யாராலும் முடியவில்லை.

இந்த வருஷம்தான் நின்றது. டிரம்மருக்கு மஸ்கட்டில் வேலை கிடைத்துவிட்டது. கீபோர்டு வாசிப்பவர் குடும்பத்தோடு நியூசிலாந்து போகிறார். எனக்கு ஐரோலியில் ஆபீஸ், ஷிப்ட் மாறி மாறி வரும். அண்ணன் ஏசி மெக்கானிக், வெயில் காலம் முழுக்க அவனுக்குச் சாப்பிட நேரம் இருக்காது. பாண்டு முடிந்தது என்பதை எல்லோரும் ஒருமாதிரி ஏற்றுக்கொண்டோம், அவனைத் தவிர. “முடியதுக்கு முன்னால எல்லாத்தையும் ஒருக்கா ஒழுங்கா ரெக்கார்டு பண்ணிருவோம்ட்டி. நாளைக்கு ஒருத்தன் கேட்டா கையில குடுக்க ஒண்ணு வேண்டாமா?” என்றான்.

எந்தப் பன்னிரண்டு பாட்டு என்று வாட்ஸப்பில் ஓட்டுப் போட்டோம். பதினோரு பாட்டுக்குச் சண்டை நடந்தது. ஒரு பாட்டுக்கு மட்டும் ஓட்டே தேவைப்படவில்லை. அதை நாங்கள் ‘மூச்சு’ என்று சொல்வோம். முதல் ட்ராக் அதுதான் என்று அண்ணன் எழுதினான். கீழே நான்கு பேரும் கட்டை விரலைத் தூக்கினோம். பிறகு அவன் இன்னொன்று எழுதினான். பாட்டுக்கு முன்னால் என் சாட்சியும் வர வேண்டும், ஸ்டுடியோவில் சுத்தமாக ரெக்கார்டு செய்வோம் என்று. அதற்கு நான் விரல் தூக்கவில்லை. யாரும் கவனிக்கவும் இல்லை.

சாட்சி என்றால் என்ன என்று தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். எங்கள் ஆட்களுக்கு வெறும் பாட்டுப் போதாது. அந்தப் பாட்டு எந்தக் கஷ்டத்தில் பிறந்தது, கர்த்தர் அதிலிருந்து எப்படி விடுவித்தார் என்று பாடுகிறவரே முன்னால் நின்று சொல்ல வேண்டும். அதற்கு என்று ஒரு தடம் இருக்கிறது. முதலில் வியாதி. அப்புறம் கண்ணீர். அப்புறம் டாக்டர்கள் கைவிடுவார்கள். அதற்குப் பிறகுதான் ஜெபம், சுகம், பாட்டு. டாக்டர் கைவிடாத சாட்சியை நான் என் ஆயுசில் கேட்டதில்லை.

எனக்குப் பத்தொன்பது வயதில் டி.பி. வந்தது. தாராவியில் அது பெரிய அதிசயம் இல்லை, எங்கள் சந்திலேயே அந்த வருஷம் மூன்று பேருக்கு இருந்தது. இருமி இருமி விலா எலும்பு வலிக்கும். ஒரு வரியை முழுசாகப் பாட மூச்சு இருக்காது. அதனால்தான் ‘மூச்சு’ பாட்டில் வரிகள் எல்லாம் மூன்று சொல், நான்கு சொல். படுத்துக்கொண்டே நோட்டில் எழுதினேன், அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்து கிட்டாரில் கார்டு போட்டான். பாட்டு இவ்வளவு பரவியதற்குக் காரணமே அந்தச் சின்ன வரிகள்தான் என்று பிறகு பலர் சொல்லியிருக்கிறார்கள். குழந்தைகள்கூட உடனே பிடித்துக்கொள்ளும். அது என் கெட்டிக்காரத்தனம் இல்லை, நுரையீரல் அவ்வளவுதான் இடம் கொடுத்தது.

முதல் தடவை எங்கள் சபையில் சாட்சி சொன்னபோது எட்டு நிமிஷம் பேசினேன். எல்லாவற்றையும் சொன்னேன். திங்கள், புதன், வெள்ளி என்று வாரம் மூன்று நாள் அரசாங்க மாத்திரை மையத்துக்குப் போனது, ஒரே வேளையில் ஏழு மாத்திரை விழுங்கியது, வாந்தி எடுத்தது, ஆறு மாசம் இப்படியே ஓடியது, எல்லாம். அடுத்த நிகழ்ச்சி அம்பர்நாத்தில். நடத்தினவர், “சிஸ்டர், ரெண்டு நிமிஷத்துல முடிச்சிருங்க, பின்னால பிரசங்கம் இருக்கு” என்றார். எட்டை இரண்டாக்க எதை வெட்டுவது? ஒருத்தி ஆறு மாசம் மாத்திரை தின்ற கதையை யார் உட்கார்ந்து கேட்பார்கள்? அதைத்தான் வெட்டினேன். டி.பி. என்ற பெயரை அம்மா ஏற்கெனவே வெட்டியிருந்தாள். “பொம்பளப் பிள்ள, நாளைக்குக் கல்யாணம் காட்சின்னு இருக்கு. மேடையில ஏறி நின்னு அந்தப் பேரச் சொல்லாத” என்று சத்தியம் வாங்கியிருந்தாள். ஆக வெறும் இருமல்தான் மிச்சம், வியாதிக்குப் பெயர் இல்லை, மருந்தும் இல்லை. நடுவில் ஒரு பள்ளம் விழுந்தது. ஒருநாள் அந்தப் பள்ளத்தில் தானாகவே ஒரு வாக்கியம் வந்து உட்கார்ந்துகொண்டது. டாக்டர்கள் கைவிட்டுவிட்டார்கள்.

நான் யோசித்து வைத்துக்கொண்ட பொய் இல்லை அது. ஆனால் சொன்னதும் கூட்டம் முழுக்க அல்லேலூயா என்று எழுந்தது. எனக்குப் பிடித்திருந்தது. அதை ஒளித்துப் பேச இப்போது மனசில்லை. ரொம்பவே பிடித்திருந்தது. அடுத்த ஊரிலும் சொன்னேன். பதினேழு வருஷம் சொன்னேன்.

உண்மையில் என்னை யாரும் கைவிடவில்லை. மாத்திரை மையத்தில் ஒரு மராட்டிக்கார அம்மாள் இருந்தாள். நம் முன்னால் நின்று, நாம் விழுங்குவதைக் கண்ணால் பார்த்துவிட்டுத்தான் அட்டையில் குறிப்பாள். ஒரு புதன்கிழமை குமட்டல் தாங்காமல் நான் போகவில்லை. மத்தியானம் அந்த அம்மாள் எங்கள் வீட்டு இரும்பு ஏணியில் முனகிக்கொண்டே ஏறி வந்துவிட்டாள். முழங்கால் வலிக்காரி. கைப்பையிலிருந்து என் மாத்திரைப் பட்டையை எடுத்து, “மேரே சாம்னே கா” என்றாள். என் முன்னாலேயே தின்னு என்று. தின்றேன், வாந்தி வருகிறதா என்று அரைமணி நேரம் உட்கார்ந்து பார்த்துவிட்டுத்தான் இறங்கிப் போனாள். டாக்டரோ மாசாமாசம் எடை பார்த்து என்னைத் திட்டுவார். இவர்கள்தான் நான் மேடையில் சொன்ன, என்னைக் கைவிட்ட ஆட்கள்.

நான்கு வருஷத்துக்கு முன்னால் செம்பூரில் ஒரு மைதானத்தில் நாங்கள் வாசித்ததை யாரோ போனில் படம் பிடித்துப் போட்டார்கள். சாட்சியும் பாட்டும் சேர்ந்து ஆறரை நிமிஷம். அதுதான் எல்லா ஊருக்கும் போனது. ‘மூச்சு’ என்று தேடினால் முதலில் வருவது அதுதான். அதில் நான் கறுப்பு குர்த்தாவில் கண்ணை மூடிக்கொண்டு பேசுவேன். பார்க்க நன்றாகத்தான் இருக்கும்.

வாட்ஸப்பில் ஓட்டுப் போடுவதற்கு முன்னால், இந்த ஈஸ்டருக்கு மாட்டுங்கா லேபர் கேம்ப் பக்கம் ஒரு ஹாலில் எங்களுக்கு நிகழ்ச்சி. முடிந்து நான் வயரைச் சுற்றிக்கொண்டிருந்தபோது ஒரு பெண்மணி வந்து நின்றார். நாற்பத்தைந்து வயது இருக்கும். நெற்றியில் குங்குமம், கையில் மடித்த துணிப்பை. சபை ஆள் இல்லை என்று பார்த்ததுமே தெரிந்தது. மாட்டுங்காவில் நாலு வீட்டில் சமையல் வேலை பார்ப்பதாகச் சொன்னார்.

“நாங்க அம்மன் கும்புடுதவுக தங்கச்சி. ஆனா எம்பிள்ள எப்பமும் ஒங்க பாட்டுத்தான் கேட்டுக்கிட்டு கெடப்பா,” என்றார்.

ரசிகை என்று நினைத்துச் சிரித்தேன். போட்டோ எடுக்க வேண்டுமா என்றுகூடக் கேட்டேன். இப்போது நினைத்தாலும் கூசுகிறது.

“போட்டோ வேண்டாம். அவளுக்கு டி.பி. வந்துச்சு, போன வருசம். மூணு மாசம் மாத்திரை சாப்பிட்டா. இருமல் கொறஞ்சிருச்சு. பொறவு ஒங்க பேச்ச கேட்டுட்டு நிறுத்திட்டா. அந்த அக்காவ டாக்டரே கைவிட்டாங்க, சாமியக் கும்பிட்டுத்தான் பொழச்சாங்க, நானும் கும்புடுதேன்னு சொன்னா. எனக்குத் தெரியாது தங்கச்சி. சாப்பிட்ட மாதிரி டப்பாவ தொறந்து தொறந்து மூடி வச்சிருக்கா. இப்பம் திரும்பி வந்துருச்சு. பழைய மாத்திரை கேக்காதாம், வேற பெரிய மாத்திரையாம். நீங்க ஒரு வார்த்த வந்து சொல்லுங்க, ஒங்க பேச்சுன்னா கேப்பா.”

சண்டை போட வந்திருந்தால் நானும் எதிர்த்துப் பேசியிருப்பேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். அந்த அம்மா உதவி கேட்டு வந்திருந்தார். நான் நம்பர் வாங்கிக்கொண்டேன். அண்ணன் மேடைக்குப் பின்னாலிருந்து ஆம்ப்ளிஃபயர் தூக்க ஆள் கூப்பிட்டுக்கொண்டிருந்தான். அவனிடம் ஒன்றும் சொல்லவில்லை.

அடுத்த ஞாயிறு மத்தியானம் போனேன். ஒரே அறை, மேலே பரண் மாதிரி ஒரு மாடம். அவள் அங்கே தனியாகப் படுத்திருந்தாள், வாயில் மாஸ்க், பக்கத்தில் ஜன்னல். இருபது வயது. காலேஜ் இரண்டாம் வருஷத்தோடு நின்றுவிட்டது. புது மாத்திரையில் முகம் கறுத்துப்போய், கன்னத்து எலும்பு தனியாகத் தெரிந்தது. என்னைப் பார்த்ததும் எழுந்து உட்கார்ந்தாள். “அரே அக்கா, நீங்களா, நெஜமாவா!” என்று கண்ணெல்லாம் விரிந்தது. என் வாழ்நாளில் இப்படி ஒருத்தர் என்னைப் பார்த்து சந்தோஷப்பட்டதில்லை.

கொஞ்ச நேரம் பாட்டைப் பற்றிப் பேசினாள். பேஸ் கிட்டார் கற்றுக்கொள்ள ஆசை என்றாள். பிறகு ரகசியம் கேட்கிற மாதிரி அம்மா கீழே இருக்கிறாரா என்று எட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டாள்.

“நீங்க எத்தனாவது மாசத்துல மாத்திரைய நிறுத்துனியக்கா?”

“நான் நிறுத்தலம்மா.”

“டாக்டர் கைவிட்ட பொறவுமா?”

“டாக்டர் கைவிடவே இல்ல. ஆறு மாசமும் சாப்பிட்டேன். ஒரு மாத்திரகூட விடல.”

அவள் சிரிப்பு அப்படியே முகத்தில் நின்றது. நான் வேடிக்கை பேசுகிறேன் என்று நினைத்திருக்க வேண்டும். என் முகத்தைப் பார்த்துப் புரிந்துகொண்டாள்.

“அப்பம் ஏன்க்கா அதச் சொல்லல?”

ரெண்டு நிமிஷம்தான் கொடுத்தார்கள் என்றா சொல்வது? என் அம்மா என் கல்யாணத்துக்குப் பயந்தாள் என்றா? அதை விட்டுவிட்டு, இனி மாத்திரையை நிறுத்தக் கூடாது என்று என்னென்னவோ புத்தி சொன்னேன். எல்லாவற்றுக்கும் சரிக்கா, சரிக்கா என்றாள். மன்னித்துக்கொள் என்ற ஒரு சொல்லை மட்டும் கடைசிவரை என் வாய் சொல்லவில்லை.

ஐந்து வாரம் அண்ணனிடம் சொல்லாமல் தள்ளினேன். செம்பூரில் ஒரு பழைய கட்டடத்தின் மூன்றாவது மாடியில் ஸ்டுடியோ. சனி, ஞாயிறுகளில் ஒவ்வொரு பாட்டாக முடித்தோம். அண்ணன் வாசிப்பதைக் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து பார்ப்பேன். ஏசி கம்ப்ரஸர் தூக்கித் தூக்கிக் காய்ப்புப் பிடித்த விரல்கள். மற்றவர்கள் ஒரு டேக்கில் எழுந்துவிடுவார்கள். அவன் ஒன்பது, பத்து என்று போவான். இந்த ஆல்பத்தை அவன் எப்படிப் பார்க்கிறான் என்று எனக்குத் தெரியும். அதனாலேயே நாக்கு எழவில்லை.

கடைசியாக என் சாட்சி மட்டும் பாக்கி. அன்றைக்கு நாங்கள் இரண்டு பேர்தான் போயிருந்தோம். கீழே டீக்கடையில் நின்று லேபர் கேம்ப் பெண்ணைப் பற்றி எல்லாவற்றையும் சொன்னேன். அவன் டீயைக் குடிக்காமல் கேட்டான்.

“அதுக்கு?” என்றான்.

“மாத்திர சாப்பிட்டேன்னு சொல்லப் போறேன்ணே. டி.பி.ன்னும் சொல்லப் போறேன்.”

“அந்த மாத்திரைய உண்டாக்குனது யாரு? கர்த்தர்தான? பொறவென்ன, எல்லாம் ஒண்ணுதான்.”

“ஒண்ணுதான்னா சொல்லிட்டுப் போவோம்.”

“சொன்னா பாட்டு செத்துரும்ட்டி. மாத்திர தின்னா எல்லாருக்கும்தான் சரியாவும். இதுக்கு எதுக்குப் பாட்டு?”

“ஒரு பிள்ள சாவக் கெடக்கா. பாட்டு செத்தா சாவட்டும்.”

நான் கத்தியிருக்க வேண்டும். டீக்கடைக்காரர் திரும்பிப் பார்த்தார். அண்ணன் டம்ளரைக் கீழே வைத்தான். ரொம்ப மெதுவாகக் கேட்டான்.

“அப்பம் நான் இருபத்தோரு நாள் கெடந்தது சும்மாவா?”

எனக்கு வியாதியாக இருந்தபோது அவன் இருபத்தொரு நாள் உபவாசம் இருந்தான். சாயங்காலம் ஒரு டம்ளர் கஞ்சித் தண்ணீர், அவ்வளவுதான். அவனுக்கு அப்போது இருபத்திரண்டு வயது, பாலிடெக்னிக் கடைசி வருஷம். பதினெட்டாம் நாள் தாதர் ஸ்டேஷன் பாலத்தில் மயங்கி விழுந்து, பரீட்சை எழுதாமல் வீட்டுக்கு வந்தான். அந்தப் பரீட்சையை அவன் திரும்ப எழுதவே இல்லை. பத்தொன்பது வருஷத்தில் ஒரு தடவைகூட அதை என்னிடம் சொல்லிக்காட்டியதில்லை. இப்போதுதான் முதல் தடவையாகக் கேட்கிறான். அதுவும் ரோட்டில் நின்றுகொண்டு. எனக்கு அழுகை முட்டியது. ஆனால் அந்தப் பெண்ணின் முகமும் கண்ணை விட்டுப் போகவில்லை. டீக்குக் காசு வைத்துவிட்டுப் படியேறினேன். சிறிது நேரம் கழித்து அவனும் வந்து கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்தான்.

சவுண்ட் இன்ஜினியருக்குத் தமிழ் ஒரு சொல்கூடத் தெரியாது. அவருக்கு என் கதை எல்லாம் ஒன்றுதான், மூச்சு மைக்கில் மோதக் கூடாது. ஹெட்போனை மாட்டிக்கொண்டு ஆரம்பித்தேன். பழக்க தோஷத்தில் முதல் டேக்கில் நேராகப் பழைய பேச்சே வந்துவிட்டது. “டாக்டர்கள்” என்றதும் நானே நிறுத்தினேன். இரண்டாவது டேக்கில் எனக்கு வந்தது டி.பி. என்று சொன்னேன். பதினேழு வருஷத்தில் மைக்கில் அந்தப் பெயரைச் சொல்வது அதுதான் முதல் தடவை. அதற்கப்புறம் வரிசையாக வந்தது. ஆறு மாசம் என்றேன். ஒன்றுக்குப் போனால் மாத்திரையின் நிறத்தில் சிவப்பாகப் போகும், பயப்படாதீர்கள் என்றேன். ஏணி ஏறி வந்த அம்மாளைச் சொன்னேன். என்னை எந்த டாக்டரும் கைவிடவில்லை, இத்தனை வருஷம் நான் சொன்னது தப்பு என்றேன். என் அண்ணன் சாப்பிடாமல் இருந்தான், நான் மாத்திரை சாப்பிட்டேன், இதைக் கேட்கிற யாராவது மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்தால் நிறுத்திவிடாதீர்கள் என்று முடித்தேன். மூன்று நிமிஷத்துக்கு மேல் ஆகியிருந்தது.

இன்ஜினியர் கட்டை விரலைக் காட்டினார். அண்ணன் குனிந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு எழுந்தான். போகிறான் என்று நினைத்தேன். கதவைத் திறந்துகொண்டு மைக் அறைக்குள் வந்தான்.

“நான் என்ன கேட்டு ஜெபம் பண்ணேன்னு ஒனக்குத் தெரியுமாட்டி?”

தெரியாது என்று தலையாட்டினேன். சுகம் கேட்டிருப்பான், வேறென்ன.

“நீ வாந்தியா எடுத்துக்கிட்டு கெடந்த. முழுங்குன எல்லாம் வெளிய வந்துக்கிட்டு இருந்துச்சு. அந்த மாத்திர அம்மா என்ட்ட சொன்னா, மாத்திர உள்ள நிக்கலன்னா ஒங்க தங்கச்சி நிக்க மாட்டான்னு. அதான் கேட்டேன். ஆண்டவரே, அந்த மாத்திர அவ வயித்துல தங்கட்டும்னு. இருபத்தோரு நாளும் அத மட்டும்தான் கேட்டேன். வேற ஒரு வார்த்த கேக்கல.”

அந்தச் சின்ன அறையில் இரண்டு பேர் நிற்கவே இடம் இல்லை. அவன் மூச்சு என் முகத்தில் பட்டது.

“இத ஒரு நாளும் சொன்னதில்லியேண்ணே?”

“சாட்சியில இதெல்லாம் எப்பிடிட்டி சொல்ல?” என்றான். கண் கலங்கியிருந்தது. “எல்லாரும் அற்புதம் அற்புதம்னாங்க. நானும் அப்பிடியே நெனச்சுக்கிட்டேன்.”

நான் ஸ்டூலை விட்டு இறங்கினேன். அவன் உட்கார்ந்து ஹெட்போனை மாட்டினான். மேடையில் பதினெட்டு வருஷம் நின்றும் அண்ணன் ஒரு வார்த்தை பேசியதில்லை, கிட்டார்தான் அவன் பேச்சு. என்னிடம் சொன்னதை அப்படியே மைக்கிடம் சொன்னான், தாராவித் தமிழிலேயே, திக்கித் திக்கி. பாலத்தில் விழுந்ததையும் பரீட்சையையும் சொல்லவில்லை. நாற்பது விநாடிதான். இன்ஜினியர் எங்கள் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, இன்னொரு டேக் வேண்டுமா என்று கேட்காமலே சேமித்துவிட்டார்.

ஆல்பம் வெளிவந்தது. மழை ஆரம்பித்த மாசம். போனில் கேட்பவர்கள் கேட்டார்கள். சபையில் சிலருக்குப் பென் டிரைவில் போட்டுக் கொடுத்தோம். என் கணவர் பன்னிரண்டு பாட்டையும் கேட்டுவிட்டு ஹிட்டைப் பற்றி வாயே திறக்கவில்லை. மற்றவர்கள் திறந்தார்கள். பழைய சாட்சியை ஏன் எடுத்துவிட்டீர்கள் என்று பாட்டுக்குக் கீழே வரிசையாக எழுதினார்கள். சிஸ்டருக்கு விசுவாசம் குறைந்துவிட்டது என்றார் ஒருவர். தெரிந்த பாஸ்டர் ஒருவர் போன் செய்து, உண்மை பேசுவது நல்லதுதான், ஆனால் எல்லா உண்மையையும் எல்லா இடத்திலும் பேச வேண்டியதில்லை என்று இனிமையாகச் சொன்னார். நானும் இனிமையாகவே போனை வைத்தேன். நிறுத்திவைத்திருந்த மாத்திரைப் பெட்டியைத் திரும்ப எடுத்ததாக ஐரோலியிலிருந்து ஒருவர் எழுதியிருந்தார். அதை அண்ணன் படம் எடுத்து எனக்கு அனுப்பினான், கீழே ஒன்றும் எழுதாமல்.

பழைய வீடியோவை எடுத்துவிடச் சொல்லி, அதைப் போட்டவருக்கு இரண்டு தடவை எழுதினேன். பதில் இல்லை. அதற்குள் அதை எத்தனை பேர் எத்தனை இடத்தில் போட்டிருக்கிறார்களோ தெரியாது. கறுப்பு குர்த்தாக்காரி இன்னும் எங்கேயோ யாருக்கோ சொல்லிக்கொண்டுதான் இருப்பாள்.

ஆல்பம் வந்த அடுத்த வாரம் லேபர் கேம்புக்குப் போனேன். அந்தப் பெண் கொஞ்சம் தேறியிருந்தாள், இல்லை, அப்படி எனக்குத் தோன்றியிருக்கலாம். மாஸ்க் இல்லாமல் உட்கார்ந்திருந்தாள், சளி டெஸ்ட் இந்தத் தடவை பரவாயில்லையாம், அடுத்தது வந்தால்தான் எதுவும் சொல்ல முடியுமாம். பாதம் இரண்டும் மரத்துப்போகிறது என்றாள். புது மாத்திரையின் வேலை. முதல் ட்ராக்கைப் போட்டேன். ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு கேட்டாள். அண்ணன் பேசும்போது ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள். பாட்டு வந்ததும் உதடு அசைந்தது.

“எப்பிடி இருக்கு?” என்று நான்தான் கேட்டேன்.

“பழசுதான்க்கா நல்லாருந்துச்சு.”

“பழசு பொய்யிம்மா.”

“தெரியும்க்கா. ஆனா அதக் கேக்கும்போது நாளைக்கே எல்லாம் சரியாயிரும் போல இருக்கும். இதக் கேட்டா இன்னும் எத்தன மாசம் பாக்கின்னு எண்ணத் தோணுது.”

எத்தனை மாசம் என்று கேட்டேன். விரலை மடக்கி எண்ணிப் பார்த்துவிட்டு, “அஞ்சு,” என்றாள். என் பேச்சைக் கேட்டு வீணாய்ப்போன முதல் மூன்று மாசத்தை அவள் எண்ணவே இல்லை.